மூன்றாம் பாரம் மட்டும் படித்தவர்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்குப் புரூப் ரீடர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

முப்பத்தெட்டு வருஷம் வைத்துக்கொண்டாயிற்று. போதும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது, எந்தப் பேராசிரியரின் காற்புள்ளியைத் தொட்டால் கடிக்க வருவார், இத்தனையும் தலையில் சுமந்துகொண்டு அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்ந்த மனுஷன். செருப்பாவது மாற்றினார். தலையை மாற்ற முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், அவர் மறக்க விரும்பியது ஒன்றே ஒன்று. மனைவிக்குக் கொடுத்த வாக்கு.

அவர் மனைவி மடிப்பு வேலை செய்பவள். அதே அச்சகத்துக்குத்தான். அச்சடித்த பெரிய தாள்கள் வேனில் வந்து கூடத்தில் இறங்கும். ஒரு தாளில் பதினாறு பக்கம். மூன்று தடவை மடித்தால் அது ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு புத்தகம். பாரம் என்று பெயர் வைத்தவன் கையால் மடித்துப் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக மூங்கில் பட்டையால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. சாயங்காலமானால் துணி சுற்றிக்கொள்வாள். "கூட உட்கார்ந்து நாலு தாள் மடிச்சாத்தான் என்ன?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் புரூப் ரீடர் ஒரே பதிலைச் சொல்லி வந்தார்.

"ரிட்டையர் ஆகட்டும். அப்புறம் பாரு."

சொன்னபோது ரிட்டையர்மென்ட் எங்கோ தூரத்தில் இருந்தது. அது பாட்டுக்கு நடந்தே வந்து வாசலில் நிற்கும் என்று யார் கண்டது?

நின்றது. கூடவே வேனும் நின்றது. கல்லூரி முதலாண்டு மாணவருக்கான உளவியல் பாடநூல். பத்தொன்பது பாரம், இரண்டாயிரம் பிரதி. முப்பத்தெட்டாயிரம் தாள். வேலை பார்த்த வருஷத்துக்கு ஆயிரம் என்று யாரோ எண்ணி அனுப்பியது போல. மாதக் கடைசிக்குள் மடித்துக் கொடுக்க வேண்டும்.

அவருக்கு வேண்டியதோ ஜன்னலோரத்துச் சாய்வு நாற்காலி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அதில் சாய்ந்து, ஒரு எழுத்தைக்கூடப் பார்க்காமல், கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான். ராஜ்யமா கேட்டார்?

வழியும் அந்தப் பாடநூலிலேயே கிடைத்தது. வேலையில் அவர் கடைசியாகத் திருத்தியது அதன் மூன்றாம் பாரம். அவசரமான புத்தகம் என்றால் பாரங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது அச்சக வழக்கம். ஆகவே புரூப் ரீடரின் அறிவு எப்போதும் பதினாறு பக்க அறிவு. சிறுநீரகம் எப்படி இருக்கும் என்று தெரியும். எதற்கு இருக்கிறது என்பது அடுத்த பாரத்துக்காரருக்குத்தான் தெரியும். உளவியலிலும் அப்படித்தான். பாவ்லோவ், ஃபிராய்டு, ஸ்கின்னர், மாஸ்லோ என்று பெரிய மனிதர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எல்லா ரீடர்களுக்கும் கொடுத்திருந்தார்கள், எழுத்து ஒரே மாதிரி வரவேண்டும் என்பதற்காக. ஃபிராய்டுக்கு ஆய்தம் உண்டா கிடையாதா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. ஃபிராய்டு என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் பாரம், பக்கம் முப்பத்து மூன்று முதல் நாற்பத்தெட்டு வரை, மூளை. பெருமூளை, சிறுமூளை, முகுளம். உள்ளே கடற்குதிரை மாதிரி சுருண்டு ஒரு சின்ன உறுப்பு, ஹிப்போகாம்பஸ். அது கெட்டால் பழைய ஞாபகம் அப்படியே இருக்கும். புதிதாக எதுவும் தங்காது. போன சில வருஷங்கள்கூட அழிந்துபோகலாம். இதைப் படித்தபோதே புரூப் ரீடரின் மனதில் சாய்வு நாற்காலி லேசாக ஆடியது. நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'இத்தகையவருக்குப் புதிய அனுபவம் எதுவும் நினைவில் தங்குவதில்லை. ஆனால்'.

ஆனாலுக்குப் பின் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. போட்டார். கையெழுத்து வைத்தார். கிளம்பிவிட்டார். ஆனாலுக்கு அப்புறம் என்ன என்பது நான்காம் பாரம். அது வேறொருவர் பாடு.

காலைக் காபி முடிந்தது. மனைவி கூடத்தில் மடிப்புப் பலகையைப் போட்டாள்.

"என்னங்க, வாங்க. ஆரம்பிக்கலாம்."

"எதை?"

"மடிக்கிறதை."

"நான் எதுக்கு மடிக்கணும்?"

"சொன்னீங்களே. ரிட்டையர் ஆனதும் கூட உட்கார்றேன்னு."

"அப்படியா சொன்னேன்?"

"ஒரு நாளா ரெண்டு நாளா? பதினோரு வருஷமா சொன்னீங்க."

"வரமாட்டேங்குதே." நெற்றியைத் தேய்த்தார். "நம்ம கல்யாணத்துல உங்க சித்தப்பா செருப்பைத் தொலைச்சுட்டுப் பந்தி பந்தியாத் தேடினாரே, அது வருது. இது வரல."

"நேத்து அச்சகத்துல கடிகாரம் கொடுத்து அனுப்பினாங்களே, அது?"

"கடிகாரமா? எனக்கு எதுக்குக் கடிகாரம்? நேரம் பார்த்து நான் எங்க போகப்போறேன்?"

அவள் மூங்கில் பட்டையைக் கீழே வைத்தாள். அவரையே பார்த்தாள். புரூப் ரீடர் சுவரைப் பார்த்தார். சுவரில் நேற்று அவரே மாட்டிய கடிகாரம் இருந்தது. அதையும் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

"எப்போ இருந்து இப்படி?"

"ஞாபகம் இல்ல."

இந்தப் பதிலைச் சொன்னதும் அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

"சரி," என்றாள். "நீங்க போய்ச் சாயுங்க."

இரண்டு நாள் சொர்க்கம். கடைக்குப் போகச் சொன்னால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். குழாய் ஒழுகுகிறது என்றால் "அப்படியா, எப்போ இருந்து?" என்று தினமும் ஆச்சரியப்பட்டார். சாப்பிட்டார், சாய்ந்தார். கூடத்திலிருந்து மூங்கில் பட்டை சர்க், சர்க் என்று தேய்க்கும் சத்தம் வந்தது. ஒரு தடவை அரைக்கண் திறந்தபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மனதில் என்னவோ செய்தது. கண்ணை மூடிக்கொண்டார். வியாதிக்காரன் என்ன செய்ய முடியும்?

கூடவே குடித்தனம் நடத்தியும் அவர் கவனிக்காதது ஒன்று உண்டு. கை மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கண் சும்மா இருக்காது. இவர் பதினாறு பக்கத்துக்கு எழுத்துப் பார்த்தவர். அவள் முந்நூற்று நாலு பக்கத்துக்கும் விஷயம் பார்த்தவள். அதுவும் வரிசையாக.

மூன்றாம் நாள் காலை காபி வரவில்லை.

"ஏம்மா, காபி?"

"இப்பத்தானே குடிச்சீங்க."

"இல்லையே."

"ஞாபகம் இல்லையா?"

குடிக்கவில்லை என்று அடித்துச் சொல்வதற்கு ஞாபகம் வேண்டும். அதுதான் அவருக்குக் கிடையாதே.

"குடிச்சிருப்பேன்," என்றார்.

"ரெண்டு டம்ளர்," என்றாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் சதுரங்கப் பலகையோடு வந்தார். முப்பது வருஷமாகத் தினம் ஒரு ஆட்டம் தோற்பவர். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"சார், நேத்து ஆட்டம் பிரமாதம். ஒன்பதே நகர்த்தல். உங்க ராஜா காலி."

நேற்றைக்கு ஆட்டமே இல்லை. கம்பவுண்டர் பல்வலி என்று வரவே இல்லை.

"நேத்து ஆடினோமா?"

"அடப் பாவமே. அம்மா சொன்னது நிஜம்தானா? முந்தாநாளும் நீங்கதான் தோத்தீங்க. அதாவது ஞாபகம் இருக்கா?"

"அப்போ முப்பது வருஷமா நீங்க தோத்தது?"

"அது பழைய ஞாபகம் சார். அது இருக்கத்தான் செய்யும். அதைப் பத்தி நாம பேச வேண்டாம்."

நான்காம் நாள் சாயங்காலம் அவள் மடித்த பாரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, உங்க வியாதி இந்தப் புத்தகத்துலயே இருக்கு."

"அப்படியா?"

"நாற்பத்தொன்பதாம் பக்கம்."

நாற்பத்தெட்டுக்கு அடுத்த பக்கம். புரூப் ரீடர் நாற்காலியில் நிமிர்ந்தார். அவள் நிதானமாகப் படித்தாள். "'இவர்களுடைய கைப்பழக்கம் பழுதின்றி இருக்கும். ஒரு புதிய வேலையை நாள்தோறும் செய்யவைத்தால், செய்தது நினைவிராது. கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ச்சி பெறும்.' கேட்டீங்களா? மனசு மறந்தாலும் கை மறக்காதாம்."

எத்தனையோ ஆனால்களுக்குக் காற்புள்ளி போட்டவர் அவர். ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்து கடித்ததில்லை.

"கைக்கு வேலை கொடுத்தா உங்களுக்கு நல்லது," என்றாள். "என்ன வேலை கொடுக்கலாம்? நம்ம வீட்டுல என்ன இருக்கு?"

இரண்டு பேரும் கூடத்தைப் பார்த்தார்கள். தாள் கட்டுகள் ஆளுயரத்துக்கு நின்றன.

பலகைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

"இது தாள்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தாள்னு தெரியும். அது பழைய ஞாபகம்."

"சரி. இப்படி ஒண்ணு. இப்படித் திருப்பி ரெண்டு. இப்படி மூணு. பட்டையால ஒரு தேய்ப்பு."

புரூப் ரீடர் முட்டாள் அல்ல. கோணலாக மடித்தார். இரண்டாவதை அதைவிடக் கோணலாக. மூன்றாவதில் பக்கம் ஐந்தும் பக்கம் பதினொன்றும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டன. இதைப் பார்த்தால் யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

அவள் கவலையோடு பக்கத்தைப் புரட்டினாள். "ஐயையோ. கையும் கத்துக்கலைன்னா அது வேற வியாதியாம். ஐம்பத்தேழாம் பக்கம். சிறுமூளைக் கோளாறு. ஆஸ்பத்திரியில சேர்த்து, முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும்னு போட்டிருக்கு. அண்ணே, அந்த ஊசி எவ்வளவு பெரிசு?"

சதுரங்கக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்த கம்பவுண்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் சாத்தியிருந்த குடையைக் காட்டினார்.

"இவ்வளவு வராதும்மா. கொஞ்சம் குறைச்சல்."

அடுத்த தாள் அளவெடுத்தது போல் மடிந்தது.

"பாருங்க," என்றாள். "கை கத்துக்குது."

மறுநாள் காலை.

"என்னங்க, இன்னைக்கு உங்களுக்கு ஒரு புது வேலை சொல்லித் தர்றேன்."

"அதான் நேத்து..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நேத்து?"

"நேத்து என்ன கிழமைன்னு கேட்க வந்தேன்."

"இது தாள்," என்றாள்.

அதற்கு மறுநாளும் இது தாள். அதற்கு மறுநாளும். தினமும் முதல் நாள். மூன்று நாளாகச் செய்கிறேன், இன்றைக்கு விடுமுறை கொடு என்று கேட்க வழியில்லை. களைப்பதற்கு அவருக்கு ஒரு நேற்று இருந்தால்தானே?

"தோள் எல்லாம் வலிக்குதும்மா."

"எதனால?"

"தெரியல."

"வயசு," என்றாள்.

வேலைக்கு நடுவே அவளுக்குப் புத்தகம் பேசுகிற பழக்கமும் வந்துவிட்டது. நூறு தாளுக்கு ஒரு பிஸ்கட் தட்டில் விழுந்தது.

"எதுக்கு இது?"

"ஸ்கின்னர்னு ஒருத்தர். புறாவைப் பெட்டியில போட்டு வெச்சாராம். சரியான இடத்துல கொத்தினா ஒரு தானியம் விழும். கொஞ்ச நாள்ல புறா சொன்னதெல்லாம் செஞ்சுதாம்."

"அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. பிஸ்கட் எடுத்துக்குங்க."

இன்னொரு நாள் சாப்பாடு முடிந்ததும் புரூப் ரீடர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "மனுஷனுக்கு என்னென்ன வேணும்னு அந்த மாஸ்லோ ஏதோ அடுக்கியிருக்காருன்னு சொன்னியே?"

"இப்ப சொன்னதை நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்களே."

"இப்பத்தானே சொன்னே. அரை மணிகூட ஆகலையே."

"ஆமாம். படிப்படியா அடுக்கியிருக்காரு. அடியில சாப்பாடு, தூக்கம். அப்புறம் பாதுகாப்பு. அப்புறம் பாசம், மரியாதை. உச்சியில மனநிறைவு."

"தூக்கம் அடியிலேயே வந்துடுதே. அதை மட்டும் கொடு. மேல இருக்கிறதெல்லாம் நீயே வெச்சுக்கோ."

"ராத்திரி பூரா தூங்கினீங்களே. அதுவும் மறந்து போச்சா?"

தாளை எடுத்தார்.

ஃபிராய்டு என்றதும் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வியாதிக்காரரைச் சோபாவில் படுக்க வைத்துப் பேச விடுவாராம். அவரல்லவா வைத்தியர்!

"அவர்கிட்டப் போயிருக்கலாமே," என்றார்.

"அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆனா ஒண்ணு சொல்லியிருக்காரு. மறதி சும்மா வராதாம். மனசுக்குப் பிடிக்காததைத்தான் மனுஷன் மறப்பானாம்."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார். மூன்று மடிப்பு வேகமாக விழுந்தன. அவள் உதட்டோரம் ஒரு தடவை துடித்து அடங்கியது.

அவருடைய கை மட்டும் புத்தகத்தில் போட்டபடியே நடந்துகொண்டது. மடிக்கத் தொடங்கிய முதல் நாள் நூற்றுப் பத்து. ஐந்தாம் நாள் அறுநூறு. அவளுடைய மணிக்கட்டுத் துணி ஒரு சாயங்காலம் கொடியில் தொங்கியது. அதைப் பார்த்தபோது, போனால் போகிறது, இந்தப் பாடநூல் முடியும் வரை மடித்துத் தொலைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது. மத்தியானம் ஒரு மணி நேரம் அந்த நாற்காலி இருந்தால் போதும். அந்த ஒரு மணி நேரத்துக்காக மற்ற ஏழு மணி நேரத்தையும் பொறுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். நாற்காலியில் அவள் இருந்தாள். நன்றாகப் பின்னால் சாய்ந்து, முக்காலியில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு.

"எந்திரி. அது என் நாற்காலி."

"நேத்து நீங்கதானே கொடுத்தீங்க? 'இனிமே மத்தியானம் நீ சாஞ்சுக்கோ, எனக்கு உட்கார்ந்து மடிக்கிறதுதான் சுகமா இருக்கு'ன்னீங்க. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

காபியை விட்டுக்கொடுத்தவர். ராஜாவை விட்டுக்கொடுத்தவர். தோளை விட்டுக்கொடுத்தவர். இது அவரால் முடியவில்லை.

"போதும்!" என்றார். அன்றைக்கு மத்தியானமே பலகையோடு வந்து உட்கார்ந்திருந்த கம்பவுண்டர் கையில் இருந்த சதுரங்கக் குதிரை கீழே விழுந்தது. "நான் அப்படிச் சொல்லவே இல்ல. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. எல்லாம் நடிப்பு! அந்த மூணாம் பாரத்தைப் படிச்சுட்டு நடிச்சேன். மடிக்காம இருக்கணும்னுதான் நடிச்சேன். போதுமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். கோபப்படவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கம்பவுண்டரைப் பார்த்தாள்.

"ஆரம்பிச்சுடுச்சு, அண்ணே."

"மணி என்னம்மா? ஒண்ணரை. அதே நேரம்," என்றார் கம்பவுண்டர்.

"என்ன அதே நேரம்?"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க. சாப்பிட்டதும் நடிச்சேன் நடிச்சேன்னு ஆரம்பிச்சுடுவீங்க. அரை மணி நேரத்துல அதுவா அடங்கிடும்," என்றாள்.

"பொய்! எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்லவா? நேத்து அறுநூத்துப் பன்னெண்டு தாள் மடிச்சேன். பிஸ்கட் ஆறு. அதுல ஒண்ணு நமுத்துப் போயிருந்தது. அன்னைக்கு ஒரு நாள் நீ எனக்குக் காபியே தரல!"

"பார்த்தீங்களா அண்ணே? வார்த்தை மாறல."

"பிஸ்கட் நமுத்தது வரைக்கும் அப்படியே சொல்றாரும்மா."

அவள் பக்கத்தில் இருந்த பாரத்தை எடுத்தாள். தேடவே இல்லை. விரல் நேராக அந்தப் பக்கத்துக்குப் போனது. "அறுபத்தொண்ணாம் பக்கம். 'நினைவில் விழுந்த ஓட்டைகளை மூளை தானே கதை கட்டி நிரப்பிக்கொள்ளும். கேட்பவர் நம்பும்படி விவரமாகச் சொல்வார்கள். அது உண்மை என்று சத்தியமும் செய்வார்கள்.' "

"நான் சத்தியமா சொல்றேன்..." என்று ஆரம்பித்த புரூப் ரீடர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எதைச் சொன்னாலும் அறுபத்தொன்றாம் பக்கம். சொல்லாவிட்டால் நாற்பத்தொன்பது. நடுவில் ஊசி.

"நேத்து நான் சொன்னதும் நீ என்ன சொன்னே?" என்று கடைசியில் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"போய் உட்காருங்கன்னு சொன்னேன்."

"நான்?"

"உட்கார்ந்தீங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "இது தாள்னு இன்னைக்கு நீங்களே சொல்லிக்குங்க. எனக்குத் தூக்கம் வருது."

புரூப் ரீடர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து முதல் மடிப்பை மடித்தார். நேற்று நிஜமாகவே சொல்லியிருப்போமோ என்று யோசித்தபடி இரண்டாவதையும் மடித்தார்.